ஒன்றும் தெரியாதவளின் ஆசீர்வாதம்

ஜங்லிகாட், போர்ட் பிளேர்
18 ஜூன் 2023

அன்புள்ள ஞானாக்காவுக்கு,

இங்கே அப்பா, அம்மா, நான், வலையைக் கடித்து வைக்கும் அந்தத் திருட்டுப் பூனை எல்லோரும் சுகம். நீ சுகமா? வயிற்றுக்குச் சரியாகப் போடுகிறார்களா? உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கப்போகிற மிஸ்ட்ரஸ் சிஸ்டருக்கும் என் தோத்திரம்.

சிஸ்டராகப் பயிற்சி எடுக்கிற நவகன்னியர் மடத்தில் ஒரு வருஷம் போனே கிடையாது என்று நீ சொன்னபோது சும்மா சொல்கிறாய் என்றுதான் நினைத்தேன். இப்போது பார், ஸ்டாம்ப் வாங்க போஸ்ட் ஆபீஸ் போனால் அங்கிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். லவ் லெட்டர் என்று நினைத்திருப்பார்!

விஷயத்துக்கு வருகிறேன். குட்வில் எஸ்டேட்டில் என் சிநேகிதி நளினி வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அங்கே வைஜெயந்தி மேடம் என்று ஒருவர், சென்னையில் மாடலிங் ஏஜென்சி வைத்திருக்கிறாராம். என்னை நிறுத்தி வைத்து முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்படி ஒரு முகத்தை இந்தத் தீவுல பூட்டி வச்சிருக்கீங்களே" என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை. அப்பாவிடம் சொன்னேன். "போட்டோவுக்கு நிக்கதெல்லாம் ஒரு வேலையாட்டி? நான் புடிக்க மீனுந்தான் போட்டோவுக்கு நிக்குது" என்கிறார். நீயாவது நல்ல வார்த்தை சொல்லேன்.

உன் பதிலுக்கு ஏங்கும்,
ஜாக்குலின்

*

இயேசு மரி சூசை

நவகன்னியர் இல்லம், கொடைரோடு
9 ஜூலை 2023

என் செல்ல ஜாக்குவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நான் நலம். அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மழை நேரத்தில் டிங்கிப் படகைத் தனியாக எடுக்க வேண்டாம் என்று சொல். அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா?

இங்கே புடலைப் பந்தல் என் பொறுப்பு. போன வாரம் சமையல் முறை வந்து சாம்பாரை அடிபிடிக்க விட்டுவிட்டேன். அத்தனை பேரும் மூச்சு விடாமல் சாப்பிட்டார்கள். "இதுக்குப் பேர்தான் துறவு" என்றார்கள் மிஸ்ட்ரஸ் சிஸ்டர்.

உன் சேதி படித்துத் துள்ளிவிட்டேன் போ! அம்மாவின் சேலையைச் சுற்றிக்கொண்டு அலமாரிக் கண்ணாடி முன்னால் நீ நடக்கிற நடையை நான் பார்க்காததா? ஆண்டவர் எனக்கு ஒரு கதவைத் திறந்தார். உனக்கு இது. தைரியமாகப் போ. உன்னோடு சேர்ந்து போகிறவர்களையும் அவர் ஆசீர்வதிப்பார். உன் பெயரைத் தினமும் பூசையில் வைக்கிறேன்.

முத்தங்களுடன்,
அக்கா

*

ஜங்லிகாட்
30 ஜூலை 2023

என் தங்க அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். அப்பா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டையே நாற அடிக்கிறார்.

உன் கடிதத்தை வாசித்ததும் அம்மா அழுதேவிட்டாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அப்பா சும்மா இருந்தால் சம்மதம்தானே? நளினியின் அம்மா சந்திரமதி ஆன்ட்டி வந்திருந்தார். அவர் கேட்டதால் இன்னொரு தடவை வாசித்தேன். "அரே, சிஸ்டரே சொல்லிட்டாங்களா! அப்புறம் என்ன?" என்று கடிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நீ இன்னும் உறுதிமொழிகூட எடுக்கவில்லை, இங்கே உனக்குப் பாதி புனிதர் பட்டம் கொடுத்துவிட்டார்கள்!

சாத்தம் பாலத்தில் வைத்து முதல் படங்கள் எடுத்தோம். காற்றில் முடி பறந்து சூப்பராக வந்திருக்கிறது. நளினியும் வந்தாள். நடு அந்தமான் ரங்கத்திலிருந்து அவள் மாமா மகள் உமா மகேஸ்வரியும் வந்தாள். மேடம் ரொம்ப நல்ல மாதிரி. மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

அன்பு மறவாத,
ஜாக்கு

*

இயேசு மரி சூசை

கொடைரோடு
20 ஆகஸ்ட் 2023

அன்பு ஜாக்கு,

நலம். உங்கள் எல்லோர் சுகத்துக்காகவும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே காய்ச்சல் வந்து பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். நான் கல்லுக்குண்டாட்டம் நடமாடுகிறேன்.

பொழுதுபோக்கு நேரத்தில் உன் கதையைப் பெருமையாக அளந்துகொண்டிருந்தேன். என்னோடு இருக்கிற அமலோற்பவத்தின் அண்ணன் சென்னையில் விளம்பரப் படமெடுக்கிற இடத்தில் வேலை செய்கிறவர். அவள் சிரிக்கவே இல்லை. "ஞானா, உன் தங்கச்சிகிட்ட பணம் கேட்டாங்களா?" என்றாள். நல்ல ஏஜென்சி பெண்ணிடம் காசு வாங்காதாம். வேலை வாங்கிக் கொடுத்து, அந்தச் சம்பளத்தில் தன் பங்கை எடுத்துக்கொள்ளுமாம். எங்கள் போட்டோகிராபரிடம்தான் ஆல்பம் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் செய்தால் அங்கேயே சந்தேகப்பட வேண்டுமாம்.

அதனால் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அவர்களுக்கு அப்பாவோடு நேரில் போய் ஏறக்கூடிய ஆபீஸ் இருக்கிறதா? ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து படிக்க விடுவார்களா? யாரிடமாவது பணம் வாங்கினார்களா? இன்னொன்று, அப்பாவிடம் காட்ட முடியாத படம் ஏதாவது கேட்டார்களா?

பதில் போடு.
அக்கா

*

ஜங்லிகாட்
12 செப்டம்பர் 2023

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன்.

ஆபீஸ் சென்னையில் இருக்கிறது. மேடம் போட்டோ காட்டினார். கண்ணாடிக் கதவு, ஏசி, எல்லாம் இருக்கிறது. ஒப்பந்தம் சென்னை போனதும் கையெழுத்து. போதுமா?

மடத்துக்குள் உட்கார்ந்துகொண்டு நீயும் உன் அமலோற்பவமும் ஊர் உலகத்தை அளக்கிறீர்களே, அது எப்படி? எங்கள் தீவுக்கு யார் வருகிறார்கள்? டூரிஸ்ட் வருகிறான், பீச்சைப் படம் எடுக்கிறான், போகிறான். மேன்லேண்டிலிருந்து ஒருத்தர் வந்து நம் முகத்தைப் பார்த்து நல்லா இருக்கிறது என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அதற்குள் உனக்கு ஆயிரம் சந்தேகம்.

உனக்கு அழைப்பு வந்தது என்று நீ சொன்னபோது நான் கேள்வி கேட்டேனா? பெட்டியைக் கப்பல் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தேன். அழுகையை அடக்கிக்கொண்டு கை காட்டினேன். எனக்கு வந்தது மட்டும் அழைப்பு இல்லையா?

ஜாக்குலின்

*

இயேசு மரி சூசை

கொடைரோடு
1 அக்டோபர் 2023

அன்பு ஜாக்கு,

உன் கடிதம் வந்தது. படித்துவிட்டு அன்று சாப்பாடு இறங்கவில்லை. நீ பெட்டி தூக்கி வந்ததை நான் மறப்பேனா?

ஆனால் ஒன்று சொல்கிறேன் கேள். என்னைக் கேள்வி கேட்கவில்லை என்றா நினைக்கிறாய்? நீ கேட்கவில்லை, இவர்கள் கேட்டார்கள். வந்து தங்கிப் பார் என்று முதலில் விடுமுறைக்குக் கூப்பிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் வந்து அடுப்பங்கரை வரைக்கும் சுற்றிப் பார்த்தார்கள். பங்குச்சாமியார் கடிதம், டாக்டர் சான்று, அப்பா கையெழுத்து எல்லாம் கேட்டார்கள். ஒரு காசு கேட்கவில்லை. இன்றைக்கே முடிவு சொல் என்று ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. இப்போதும் மாதா மாதம் மிஸ்ட்ரஸ் சிஸ்டர் கூப்பிட்டு, "இருக்கியா, வீட்டுக்குப் போறியா? போறதுன்னா வாசல் திறந்துதான் இருக்கு" என்று கேட்கிறார்கள். உன் மேடம் அப்படி ஒரு தடவையாவது கேட்டாரா?

நான் கேட்டது நான்கு கேள்வி. நீ பதில் எழுதியது இரண்டுக்கு. எழுதாமல் விட்ட இரண்டும் என்னைத் தூங்கவிடவில்லை.

உன் முகம் அழகுதான். அதைச் சொல்ல மேன்லேண்டிலிருந்து ஆள் வர வேண்டுமா? உடனே எழுது.

அக்கா

*

குட்வில் எஸ்டேட், போர்ட் பிளேர்
4 நவம்பர் 2023

மரியாதைக்குரிய சிஸ்டர் அவர்களுக்கு,

நளினியின் தாயார் சந்திரமதி எழுதுவது. நாங்கள் அனைவரும் சௌக்கியம். தாங்கள் சௌக்கியமாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். உங்கள் கடிதத்தின் தலைப்பில் இருந்த முகவரியை அன்றே எழுதி வைத்துக்கொண்டேன். அதனால்தான் இந்தக் கடிதம் போட முடிகிறது.

தாங்கள் கொடுத்த ஆசீர்வாதத்துக்கு நன்றி சொல்லவே எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் பன்னீர்செல்வம் கவர்மெண்ட் ஆபீஸில் இருப்பவர், எதையும் லேசில் நம்ப மாட்டார். "கூடப் போகிறவர்களையும் ஆண்டவர் ஆசீர்வதிப்பார்" என்று தாங்கள் எழுதியதை ஜாக்குலின் வாசித்த பிறகுதான் சம்மதித்தார். ரங்கத்தில் என் அண்ணன் வீட்டிலும் அவள் அதையே வாசித்துக் காட்டினாள். பதிவுக்கும் ஆல்பத்துக்கும் பணம் கட்டிவிட்டோம். ஜாக்குலினுக்கு மட்டும் கட்டணம் இல்லை. இரண்டு பெண்களைச் சேர்த்துவிட்டதால் மேடம் அவளுக்குத் தள்ளுபடி செய்துவிட்டாராம். கெட்டிக்காரப் பெண்.

24-ஆம் தேதி கப்பலில் மூன்று பெண்களும் புறப்படுகிறார்கள். பெரியவர்கள் வந்தால் பிள்ளைகள் கேமரா முன்னால் கூச்சப்படுவார்கள் என்று மேடம் சொன்னதால் நாங்கள் யாரும் போகவில்லை. சென்னைத் துறைமுகத்தில் ஆள் வந்து கூட்டிப் போவார். அசல் ஆதார் அட்டையை அவரிடம் கொடுத்துவிட வேண்டுமாம். பெற்ற மனசு, கொஞ்சம் கலக்கமாகத்தான் இருக்கிறது. தாங்கள் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

தங்கள் அன்புள்ள,
ப. சந்திரமதி

*

இயேசு மரி சூசை

கொடைரோடு
13 நவம்பர் 2023

ஜாக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு இப்போது மனசு இல்லை. சந்திரமதி ஆன்ட்டி எழுதிய கடிதம் வந்தது. நீ எழுதாமல் விட்டதையெல்லாம் அவர் கள்ளமில்லாமல் எழுதிவிட்டார்.

மிஸ்ட்ரஸ் சிஸ்டர் வழக்கத்தை மீறி ஆபீஸ் போனைக் கொடுத்தார்கள். உன் எண் உபயோகத்தில் இல்லை என்கிறது. அப்பாவுடையது அணைந்தே கிடக்கிறது. வேறு எண் எதுவும் எனக்கு மனப்பாடம் இல்லை. நாளையும் போட்டுப் பார்ப்போம். போனை நம்பி உட்கார முடியாது என்று இதை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன்.

ஏட்டி, நீ என்ன செய்திருக்கிறாய் என்று உனக்குத் தெரிகிறதா? அந்த மேடத்துக்குத் தூண்டில் நீ. தூண்டிலில் குத்திய இரை நான். எனக்கு ஒன்றுமே தெரியாமல், உன் மேல் உள்ள ஆசையில் நாலு வரி எழுதினேன். அதை நீ வீடு வீடாகக் கொண்டுபோய் வாசித்திருக்கிறாய். எனக்கு உன் மேல் கோபம், என் மேல் அதைவிடக் கோபம்.

இதோடு இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். அது அந்த இரண்டு வீட்டுக்கும். முதல் கடிதத்தை எந்த வாயால் வாசித்தாயோ அதே வாயால் இதையும் வாசி. உன் ஆசை போய்விடும், உன் முகத்தில் கரி விழும், தெரியும். அந்தப் பிள்ளைகள் கப்பல் ஏறக் கூடாது. நீயும் ஏறக் கூடாது.

உன்னை விட்டுக்கொடுக்காத,
அக்கா

பின்குறிப்பு: அன்பு மகள் ஜாக்குலினுக்கு. அந்த முதல் கடிதத்தைப் படித்துப் பார்த்து, நல்லதுதானே என்று ஒட்டி அனுப்பியது நான். எனவே இதில் எனக்கும் பங்கு உண்டு. வாசித்துவிடு அம்மா. - உன் அக்காவின் மிஸ்ட்ரஸ், சிஸ்டர் ரெஜீனா

*

ஜங்லிகாட்
27 நவம்பர் 2023

அக்காவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் கப்பல் ஏறவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ மூச்சு விடு.

நாங்கள் புறப்படுவதற்கு முந்தின நாள் உன் கடிதம் வந்தது. புது சிம் போடச் சொல்லி மேடம்தான் என் பழைய நம்பரை நிறுத்த வைத்தார். அப்பா போன் கடலுக்குள் விழுந்துவிட்டது. உன் கடிதத்தைப் படித்தேன். நீ வைத்த தாளையும் படித்தேன். மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, மறுநாள் பேசாமல் கிளம்பிவிட்டேன் அக்கா. அதுதான் உண்மை. உனக்குப் பொறாமை என்றுகூட மனசுக்குள் திட்டினேன்.

ஹாடோ துறை வாசலில் ஒரே கூட்டம். சந்திரமதி ஆன்ட்டி புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார். உமாவின் அம்மா ரங்கத்திலிருந்து விடியுமுன் பஸ் பிடித்து வந்திருந்தார். பெட்டியெல்லாம் சோதனைக்குப் போகிற நேரம். ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஜாக்கு பேட்டா, சிஸ்டர்கிட்ட இருந்து லெட்டர் ஏதாச்சும் வந்துச்சா? ரெண்டு வரி வாசி. பிள்ளைங்க கேட்டுட்டு ஏறட்டும். எனக்கும் தில்லுக்குத் தெம்பா இருக்கும்."

வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். பழைய வரியையே திரும்பச் சொல்லியிருக்கலாம். வாயில் வந்துவிட்டது. ஆனால் அவர் கேட்பதற்குக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார் அக்கா, கோயிலில் நிற்கிற மாதிரி. என்னால் முடியவில்லை. தாளை எடுத்தேன்.

"நான் கொடுத்தது ஒன்றும் தெரியாதவளின் ஆசீர்வாதம். அதை நம்பிப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்" என்று நீ எழுதிய இடம் வந்தபோது என் குரலே எனக்குக் கேட்கவில்லை. உமாவின் அம்மா "என்னம்மா சொல்றா இவ?" என்று கேட்டார். திரும்ப வாசித்தேன். எனக்குக் கட்டணம் தள்ளுபடி ஆனது எதனால் என்பதையும் நானே சொன்னேன்.

ஆன்ட்டி நளினியின் போனை வாங்கி மேடத்தைக் கூப்பிட்டார். "மேடம், நாங்க மூணு வீட்டு அம்மாவும் கூட வர்றோம். ஆபீஸ் அட்ரஸ் மட்டும் சொல்லுங்க. ஹம் லோக், நாங்க எல்லாம், நேரா அங்கேயே வந்துடுறோம், டீக் ஹை?" என்றார். ஸ்பீக்கரில் நாங்கள் எல்லோரும் கேட்டோம். "அம்மாமார் வந்தா வேலை கேன்சல்" என்றார் மேடம். ஆன்ட்டி மறுபடியும் அட்ரஸ் கேட்டார். லைன் போய்விட்டது. பிறகு எத்தனை தடவை போட்டும் அந்த நம்பரில் யாரும் எடுக்கவே இல்லை.

ஆன்ட்டி எனக்குப் பளார் என்று ஒன்று விட்டார். துறையே திரும்பிப் பார்த்தது. அப்புறம் அவரே டீ வாங்கி வந்து, "குடி. ஆறிடப் போவுது" என்றார். கப்பல் சங்கு ஊதிப் போனதை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்பாவிடம் காட்ட முடியாத படம் கேட்டார்களா என்றாயே, அந்தக் கேள்விக்குப் பதில், ஆமாம். அனுப்பினேன். மிஸ்ட்ரஸ் சிஸ்டர் படிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன். மேடம் படங்களை வெளியே விடுவேன் என்று மெசேஜ் போட்டாள். அம்மாவிடம் சொன்னேன், அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். படத்தைக் காட்டு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பிள்ள மேல தப்பில்ல சார். அந்தப் பொம்பள மேல எழுதிக்கிடுங்க" என்றார். சைபர் புகார் பதிந்தாயிற்று. அந்தக் கணக்குகளை முடக்க எழுதியிருக்கிறார்கள்.

வீட்டை விட்டு வெளியே போக வெட்கமாக இருக்கிறது. செத்துவிடலாம் போல இருக்கிறது என்று எழுதினால் நீ பயப்படுவாய். அப்படி இல்லை. ஆனால் ரொம்ப அழுகிறேன்.

ஜாக்கு

*

இயேசு மரி சூசை

கொடைரோடு
10 டிசம்பர் 2023

என் கண்ணே ஜாக்கு,

கிறிஸ்துமஸுக்கு முந்தின இந்தத் திருவருகைக் காலத்தில் நாங்கள் கடிதம் எழுதுவதில்லை. மிஸ்ட்ரஸ் சிஸ்டர் தானே தாளும் பேனாவும் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள்.

நீ வாசித்தாய். கூட்டத்தின் நடுவில், அத்தனை ஆசையையும் விட்டுவிட்டு, வாசித்தாய். நானாக இருந்தால் செய்திருப்பேனா, தெரியவில்லை. அந்தப் படங்களைக் கேட்டு வாங்கியவளுக்குத்தான் வெட்கம் வர வேண்டும், உனக்கு இல்லை. அழுகை வந்தால் அம்மா பக்கத்தில் போய் அழு, தனியாக அழாதே. அப்பாவுக்கு என் முத்தம் கொடு. கொடுத்தால் தைல வாடை ஒட்டும், பரவாயில்லை.

இன்னொன்று. மாடலாக வேண்டும் என்று ஆசைப்பட்டது தப்பே இல்லை. அந்த ஆசையைக் குப்பையில் போடாதே. அமலோற்பவத்தின் அண்ணன் நல்ல ஏஜென்சிகள் இரண்டின் பெயர் கொடுத்திருக்கிறார், பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவர் சொன்னார் என்பதற்காகவும் நம்பாதே. அங்கே வேலை செய்கிற பெண்களிடம் பேசிப் பார், அப்பாவோடு பகலில் நேரில் போ. நான் இந்தத் தடவை ஆசீர்வாதம் எழுதவில்லை. எனக்கு அவர்களைத் தெரியாது. சாப்பிடு, தூங்கு.

உன் அக்கா

*

ஜங்லிகாட்
7 ஏப்ரல் 2024

அன்புள்ள ஞானாக்காவுக்கு,

ஈஸ்டர் பாஸ்கா வாழ்த்துகள்! தவக்காலம் முழுக்க உனக்குக் கடிதம் கொடுக்க மாட்டார்கள் என்பதால் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தேன். வீட்டில் எல்லோரும் சுகம். அப்பாவுக்குப் புதுப் போன் வந்துவிட்டது, அதை டிங்கியில் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார். நீ மெலிந்துவிட்டாயா?

படங்கள் வெளியே வரவில்லை. வைஜெயந்தி இன்னும் பிடிபடவில்லை. பஜாரில் சிலர் இன்னும் என்னைப் பார்த்துக் குசுகுசுக்கிறார்கள். போகட்டும்.

பிப்ரவரியில் சென்னை போய்வந்தோம். அப்பா, நான், நளினி, அவள் அப்பா பன்னீர்செல்வம் அங்கிள். உமா வரவில்லை, இனி வேண்டாம் என்றுவிட்டாள். அங்கே வேலை செய்கிற இரண்டு பெண்களோடு முதலிலேயே போனில் பேசினோம். ஆபீஸ் சின்னதுதான், லிஃப்ட் கூட இல்லை, அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். காசு என்ற பேச்சே இல்லை. இரண்டு பேரையும் நிற்கச் சொன்னார்கள், நடக்கச் சொன்னார்கள், சாதாரணச் சுடிதாரில் படம் எடுத்தார்கள்.

பிறகு அந்த அம்மா என்னைத் தனியாக உட்கார வைத்து, "உன் உயரத்துக்கு என்னால வேலை வாங்கித் தர முடியாதும்மா. ஆசை காட்டி உன்னைக் காத்திருக்க வைக்க எனக்கு மனசில்ல" என்றார்.

நளினியை எடுத்துக்கொண்டார்கள்.

ஆமாம் அக்கா, நளினியை. நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவளை. கப்பலில் திரும்பி வரும்போது அவள் என்னிடம் பேசவே பயந்தாள். நான் மேல்தட்டில் போய் நின்று ஒரு பாட்டம் அழுதேன். அப்பா வந்து பக்கத்தில் நின்றார். "பொய் சொல்லாம முகத்துக்கு நேர இல்லன்னு சொன்னா பாத்தியா. நல்ல பொம்பள" என்றார். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, இன்னும் அழுகையும் வந்தது.

ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். அங்கிள் அதை கவர்மெண்ட் ஃபைல் மாதிரி வாரக்கணக்கில் படித்து, ஓரமெல்லாம் பென்சிலில் கேள்வி எழுதினார். அவர்கள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்கள். நளினிக்கு முதல் வேலை வந்துவிட்டது, சென்னையில் ஒரு புடவைக் கடைக்குப் படங்கள்.

நேற்று சந்திரமதி ஆன்ட்டி வீட்டுக்கு வந்தார். நவம்பருக்குப் பிறகு எங்கள் வாசலில் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. அங்கிளுக்கு லீவு இல்லையாம், தனக்கு மாமியாரைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். "நளினி கூட நீ போறதா இருந்தா அனுப்புறேன். இல்லன்னா வேண்டாம்னு சொல்லிடுறேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னை நம்பியா ஆன்ட்டி?" என்று கேட்டேன்.

"உன்னை நம்பாம வேற யாரை நம்புறது? கப்பல் வாசல்ல உன் தலையில நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டு என் பிள்ளைய நிறுத்துனவ நீதானே" என்றார். அம்மா உள்ளே போய் மூக்கைச் சிந்தினாள்.

வரும் புதன்கிழமை கப்பல். நளினியின் மேக்கப் பெட்டியை நான்தான் தூக்கப்போகிறேன். பொறாமையாகத்தான் இருக்கிறது அக்கா, நெஞ்செல்லாம் எரிகிறது. ஆனாலும் போகிறேன்.

உன்,
ஜாக்கு